இருபத்தேழு கப்பல்களின் ஸ்ட்ரைக்

ஏழு மாதமாக இருபத்தேழு கப்பல்கள் ஆகாயத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு சோலைமலையின் உயிரை வாங்கின. அவர் சம்பளத்தைக் கூட்டினார், நின்றன. லீவு கொடுத்தார், நின்றன. குடியிருப்பைப் புதுப்பித்துக் கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டு நின்றன. கப்பல் என்றால் நிஜக் கப்பல் அல்ல. மகள் ரூபிகாவின் கணினிக்குள், நட்சத்திரங்களுக்கு நடுவே சாம்ராஜ்யம் கட்டும் ஒரு விளையாட்டில் வருகிற கப்பல்கள். ஆனால் சோலைமலைக்கு வந்த கோபம் நிஜம். அது பக்கத்து வீட்டுச் சுவர் தாண்டிக் கேட்டது.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. பொகவந்தலாவைக்கு மேலே, மொட்டைப்பாறைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் எட்டாம் லயத்து வரிசையில் வீடு. காலையில் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டி, அன்றைக்குக் கொடுத்த அளவை முடித்தால் இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பார். மனைவி நாகலெட்சுமி கொழுந்து பறித்து, நிறுத்துப் போட்டுவிட்டு வர ஐந்தாகும். இடையில் உள்ள மூன்று மணி நேரம் சோலைமலை பதினான்கு கிரகங்களின் அதிபதி. விறகு பிளக்க வேண்டியது, பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியது எல்லாம் அந்த அதிபதியின் பார்வைக்கே வராது.

இப்படியெல்லாம் ஆகிற மனிதர் அல்ல அவர். 1979இலிருந்து இருபத்திரண்டு வருடம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். சங்கத்தின் சார்பில் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய்ப் பேசுவது, நோட்டீஸ் கொடுப்பது, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று 'இன்றைக்கு யாரும் மலைக்குப் போகக் கூடாது' என்று சொல்வது, சொன்னபடி முந்நூறு பேரை நிறுத்திக் காட்டுவது, இதுதான் அவர் உத்தியோகம். பள்ளியில் எட்டாவதோடு சரி. ஆனால் டிமாண்ட், நோட்டீஸ், சஸ்பென்ஷன், செட்டில்மென்ட் என்று சங்கத்து இங்கிலீசு அத்தனையும் அத்துப்படி. ஸ்ட்ரைக் என்ற சொல்லை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரைக்கை எப்படித் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று கேட்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர்களே அவரைத் தேடி வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அவர் வாங்கிக் கொடுத்ததெல்லாம் பாதி. பதினைந்து கக்கூஸ் கேட்டால் ஏழு கிடைக்கும். ஆம்புலன்ஸ் கேட்டதற்குப் பெஞ்சு போட்ட லொறி கிடைத்தது. 'கிடைச்சதை விட்டுட்டுப் போனா அதுவும் போயிரும்' என்பார். அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, கேட்டதை முழுசாக வாங்கிக்கொண்டு தொரையின் ஆபிஸ் படி இறங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு ஏக்கம் உண்டு. வெளியே சொல்லமாட்டார்.

1998 ஆனி மாதத்து விவகாரம் இன்னும் மோசம். கீழ்ப்பிரிவில் நாற்பத்திரண்டு வீடுகளுக்குக் கூரைத் தகரம் மாற்ற வேண்டும் என்று ஸ்ட்ரைக். நான்கு நாள் கொட்டுகிற மழையில் சனம் தொழிற்சாலைக் கேட்டில் நின்றது. நான்காம் நாள் தொரை இறங்கி வந்தார்: இருபது கூரை இப்போது, மிச்சம் அடுத்த வருடம். அழகன் என்ற இளைஞன், அப்போது முப்பது வயது இருக்கும், தலையில் கொழுந்துச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்து சொன்னான்: "தலைவரே, நாங்க ரெடியா நிக்கிறோம். இன்னும் ரெண்டே நாளு. முழுசா வாங்கிருவோம்." சோலைமலை அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. மிச்சம் இருந்த இருபத்திரண்டு வீடுகளில் அழகனின் வீடும் ஒன்று.

2001இல் தலைவர் தெரிவுக்கு ஓட்டுப் போட்டபோது பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் அழகன் ஜெயித்தான். சோலைமலைக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. "இருபது கூரை கொண்டாந்து குடுத்தேன். அதை ஒருத்தனும் எண்ணல. கிடைக்காத இருவத்திரண்டைத்தான் எண்ணுறானுங்க!" என்று வீட்டில் குதித்தார். அன்றோடு சங்கக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். அழகனோடு பேச்சை முறித்துக்கொண்டார். வழியில் எதிர்ப்பட்டால் அவன் "அண்ணே" என்பான். இவர் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு போவார்.

இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கிடந்த மனிதரிடம்தான் 2003 வைகாசியில் அந்தக் கணினி வந்து சேர்ந்தது. ரூபிகா ஹட்டனில் தங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாக இருந்தாள். கணினி வகுப்பும் படித்து, யாரோ பாவித்த கணினி ஒன்றை வாங்கினாள். தங்கியிருந்த அறையில் வைக்க இடமில்லாமல் வீட்டு இஸ்தோப்பில், முன்வாசலை ஒட்டிய அந்தச் சின்ன இடத்தில், பழைய மேசை போட்டு வைத்துவிட்டுப் போனாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். போகும்போது, "சும்மா இருக்கிற நேரம் இதைத் தட்டிப் பாருங்கப்பா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காம," என்று மவுசைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். முன்பு வைத்திருந்தவன் உள்ளே விட்டுப் போன விளையாட்டு அது. ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை: இந்தக் கிரகத்தில் குடியேறு, அந்தக் கிரகத்தில் சுரங்கம் தோண்டு, எதிரி வந்தால் தாக்குப்பிடி.

முதல் நாளே சோலைமலைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இது ஆகாயத்தில் இருக்கிற தோட்டம். கிரகம் என்பது பிரிவு. சனத்தொகை என்பது செக்ரோல், வேலைக்காரர் பெயர்ப் பட்டியல். மனநிலையைக் காட்டுகிற பச்சைக் கோடு சிவப்பாக மாறினால் லயத்தில் ஏதோ புகைகிறது. ரூபிகாவின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லை எல்லாம் தேடித் தேடிப் படித்தார். நெபுலா என்றால் என்ன, ஆர்பிட் என்றால் என்ன, எல்லாம் பழைய டயரியில் எழுதி வைத்தார். பதினான்கு கிரகத்துச் சனத்துக்கும் வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைமடுவம் எல்லாம் கட்டிக் கொடுத்தார். சண்டைக்கு வந்தவனிடம் ஒப்பந்தம் போட்டார். எதிரி நான்கு கிரகம் கேட்டால் இரண்டைக் கொடுத்து அனுப்பினார். ஆறு மாதத்தில் எட்டுக் கட்டம் தாண்டினார்.

ஆனால் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் திரையில் வந்த எழுத்தைப் பாருங்கள்: பார்ஷல் சக்ஸஸ். முதல் தடவை ஆசையோடு அகராதியைப் புரட்டினார். பார்ஷல்: பகுதியளவான, முழுமையற்ற, அரைகுறையான. அகராதியைப் படாரென்று மூடினார்.

"இங்கயும் பாதிதானா?" என்றார்.

"என்னா பாதி?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் நாகலெட்சுமி.

"ஒண்ணுமில்ல, உன் வேலையைப் பாரு."

எட்டு முறையும் அதே பார்ஷல். விளையாட்டின் முதல் பக்கத்தில் ஒரு படம் உண்டு. அதில் மஞ்சள் எழுத்தில் விக்டரி என்று போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் எதிரியின் தலைமைக் கிரகத்தைப் பிடித்தால் அந்தப் படம் வரும் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒன்பதாம் கட்டத்தில் ஒப்பந்தம் இல்லை, பாதிக்கு இடமில்லை. ஒன்று முழுசு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. சோலைமலைக்கு அந்த மஞ்சள் எழுத்து வேண்டியிருந்தது. ஐம்பத்தேழு வயது மனிதர் அதற்காக ஏங்கினார் என்று எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏங்கினார்.

அந்த ஒன்பதாம் கட்டத்தில்தான் இந்த இருபத்தேழு கப்பல்களும் வந்து சேர்ந்தன. கட்டம் தொடங்கியதும் விளையாட்டு தானாகவே கொடுத்த கப்பல்கள், பெரிய பெரிய கறுப்புக் கப்பல்கள். 'ஆகா' என்று அவற்றைச் சொடுக்கினார். திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: ஸ்ட்ரைக் ப்ளீட் ரெடி, அவெய்ட்டிங் ஆர்டர்ஸ்.

சோலைமலை நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ப்ளீட் என்றால் கப்பல் கூட்டம், அகராதியில் பார்த்தாயிற்று. ரெடி தெரியும். அவெய்ட்டிங் ஆர்டர்ஸ் என்றால் உத்தரவுக்குக் காத்திருக்கிறோம். ஸ்ட்ரைக்கோ, சொல்லவே வேண்டாம். கப்பல் கூட்டம் ஸ்ட்ரைக்குக்குத் தயார், நிர்வாகத்தின் முடிவை எதிர்பார்த்திருக்கிறோம். ஸ்ட்ரைக் நோட்டீஸ் இதைவிட முறையாக எழுத முடியாது. அவரே நூறு தடவை இப்படித்தான் எழுதியிருக்கிறார்.

"வந்து ஒரு நிமிசம் ஆகல, அதுக்குள்ள ஸ்ட்ரைக்கா?" என்றார்.

மற்றக் கப்பல்களைச் சொடுக்கினால் எங்கே போக வேண்டும் என்று கேட்கும். இவற்றைச் சொடுக்கினால் சம்பளம், தங்குமிடம், லீவு, கலைத்துவிடு என்று நான்கு பொத்தான், அதற்குக் கீழே சிவப்பாக இன்னொரு பெரிய பொத்தான். அதில் ஸ்ட்ரைக் என்று எழுதியிருந்தது. அமுக்கினால் மொத்தக் கூட்டமும் வேலையை நிறுத்திவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எந்தத் தொரையாவது தன் கையால் ஸ்ட்ரைக்குக்கு அனுமதி கொடுப்பானா? சோலைமலை அந்தப் பொத்தான் பக்கமே மவுசைக் கொண்டுபோகவில்லை. தவறிப் பட்டுவிடப் போகிறதே என்று நாகலெட்சுமி மேசையைத் துடைக்கவும் விடவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் பேச்சுவார்த்தை. சம்பளத்தை ஒரு படி கூட்டினார். பச்சைக் கோடு உயர்ந்தது, வரி மாறவில்லை. இன்னொரு படி கூட்டினார். தங்குமிடத்தைப் புதுப்பித்தார். லீவு கொடுத்தார், கப்பல்காரர்கள் போய்விட்டு வந்து அதே இடத்தில் நின்று, அதே வரியைச் சொன்னார்கள். ரெடி. இதற்குள் எதிரி ஒவ்வொரு கிரகமாகப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பதினான்கும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மறுபடி அதே கப்பல், அதே ரெடி. மாசியில் ஒரு நாள் மின்னல் அடித்துக் கரண்ட் போய், இரண்டு வாரத்து விளையாட்டு அழிந்தது. பங்குனியில் மவுசுக்குள் இருக்கிற உருண்டையில் அழுக்கு ஏறி, அம்பு மேலே போனால் கீழே வரமாட்டேன் என்றது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். இந்தக் கப்பல்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

"என்னடா வேணும் உங்களுக்கு? டிமாண்டைச் சொல்லுங்கடா! வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்? மொத்தத் தோட்டமும் நாசமாப் போகுது, இவனுங்களுக்கு ஸ்ட்ரைக் கேக்குது ஸ்ட்ரைக்கு!"

கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, அச்சு அசலா நம்ம பெரிய தொரை பேசுற மாதிரியே இருக்கு."

"யாரு, நானா?"

"நீங்கதான். அந்தாளும் இப்புடித்தானே கத்துவாரு. நீங்களே வந்து சொல்லிச் சிரிப்பீங்களே." படங்கைக் கொடியில் உதறிப் போட்டாள். "தொரையாகிட்டீங்க, சரி. தொரை வீட்டுல விறகு யாரு பிளக்குறது?"

அவர் விறகு பிளந்தார். பிளக்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தது. மறுநாள் இன்னும் கேவலமான ஒரு காரியம் செய்தார். மிரட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு கப்பல்களைக் கலைத்துவிட்டார். வேலை நீக்கம். திரையிலிருந்து இரண்டு கறுப்புக் கப்பல் மறைந்தன. இருபத்தைந்து நின்றன. ரெடி என்றன. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1987இல் இதே மாதிரி இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தியபோது தொரையின் பங்களா வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தவர் அவர்.  விளையாட்டை அணைத்துவிட்டு, மறுநாள் இருபத்தேழு பேரும் இருக்கிற மாதிரி மறுபடி தொடங்கினார்.

ரூபிகாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நாகலெட்சுமியும் கேட்டாள். அவளுக்குக் கிடைத்த பதில்: "நெபுலா தெரியாட்டி கேப்பேன். ஸ்ட்ரைக்கைப் பத்தி நேத்துப் பொறந்த புள்ளகிட்ட கேக்கணுமா நான்?" டயரியில் நூற்றுப் பதினெட்டுச் சொல் எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு சொல் அதில் இல்லை.

ஆனி பிறந்தது. ரூபிகாவிடமிருந்து கடிதம் வந்தது. பட்டிப்பொலப் பக்கம் ஒரு பள்ளியில் நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அங்கே கணினி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்திருக்கிறாள், சனிக்கிழமை வந்து கணினியைக் கட்டிவைப்பாள். கடிதத்தை நாகலெட்சுமி இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நியமனம் என்ற இடத்தில் அவள் கண் கலங்கியது. சோலைமலைக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாளும் வீட்டில் மனிதர் இருக்க முடியவில்லை. செவ்வாயன்று பதினான்கு கிரகமும் போயின. புதனன்று கரண்டே வரவில்லை. வியாழனன்று கப்பல்காரர்களுக்குச் சம்பளத்தை உச்சப்படிக்குக் கூட்டினார், அதற்கு மேல் பொத்தானே இல்லை. வரி மாறவில்லை. வெள்ளியன்று சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே விளையாடினார். "முடிஞ்சா முடியட்டும், இல்லாட்டிப் போகட்டும். வெளையாட்டுக்கு எதுக்கு இப்புடி?" என்றாள் நாகலெட்சுமி.

அவர் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணையாவது முழுசா முடிக்கணும் லெட்சுமி. எங்கயாவது. யாரும் பாக்காட்டியும் பரவாயில்ல."

 அவள் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மத்தியானம், மழையோடு மழையாக, பஸ்ஸிலிருந்து இறங்கி ரூபிகா வந்தாள். கையில் பெரிய அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணிகள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தால் அவர் திரையை விட்டுத் திரும்பவே இல்லை.

"அரை மணித்தியாலம் குடு ரூபி. அதுக்கப்புறம் கட்டிக்க."

"ஆறுதலா முடிங்கப்பா. நாளைக்குக் காலையிலதானே வேன்." தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றாள். மிஞ்சி இருந்தது மூன்று கிரகம். எதிரியின் சிவப்புப் புள்ளிகள் நாலாபக்கமும் வந்துகொண்டிருந்தன. மூலையில் இருபத்தேழு கறுப்புக் கப்பல்கள் வரிசையாக நின்றன.

"இந்தக் கப்பலுங்களை ஏம்ப்பா சும்மா நிப்பாட்டி வச்சிருக்கீங்க?"

"நான் எங்க நிப்பாட்டினேன்? அவனுங்களாத்தான் நிக்கிறானுங்க. ஸ்ட்ரைக்கு."

"என்னா ஸ்ட்ரைக்?"

"நீயே வாசிச்சுப் பாரேன், படிச்சவதானே."

ரூபிகா குனிந்து வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். துவாயை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவள், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அப்பா, இது வேலை நிறுத்தம் இல்ல. ஸ்ட்ரைக்னா அடிக்கிறது. பாய்ஞ்சு போய்த் தாக்குறது. இது தாக்குறதுக்குன்னே இருக்கிற படை. 'நாங்க ரெடி, நீங்க சொன்னாப் போதும், போறோம்'னு சொல்லுது."

"எனக்கே ஸ்ட்ரைக் சொல்லிக் குடுக்க வந்திட்டியா?"

அவள் அகராதியை எடுத்து, பக்கத்தைத் தேடி, அவர் மடியில் வைத்தாள். சோலைமலை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் தொட்டு வாசித்தார். ஒன்று, அடி. இரண்டு, தாக்கு. மூன்று, மோது. நான்கு, தீக்குச்சியை உரசு. ஐந்தாவதாகத்தான் வந்தது, வேலைநிறுத்தம் செய். இருபத்திரண்டு வருடம் அவர் கட்டி ஆண்ட சொல், தீக்குச்சிக்குக் கீழே கிடந்தது.

"எந்த மடையன் இந்தப் புத்தகத்தை எழுதினான்?" என்றார். ஆனால் குரல் எழும்பவில்லை.

அகராதியை மூடி மேசையில் வைத்தார்.

"ஏழு மாசம் நின்னுருக்கானுங்க ரூபி. ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னாங்களேப்பா. ஒவ்வொரு தடவையும் ரெடின்னு சொல்லியிருக்காங்க."

 சோலைமலை மவுசை மெதுவாக நகர்த்தி, ஏழு மாதமாக விலகி விலகிப் போன அந்தச் சிவப்புப் பொத்தானில் கொண்டுபோய் வைத்தார். அமுக்கினார்.

இருபத்தேழும் ஒன்றாகக் கிளம்பின. ஒன்று கூடப் பின்தங்கவில்லை. சம்பளமும் வீடும் லீவும் கொடுத்துக் கொடுத்து அவற்றின் பச்சைக் கோடு உச்சியில் இருந்தது. அந்த விளையாட்டிலேயே அத்தனை மனத்தெம்பு உள்ள படை வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. எதிரியின் முதல் காவலை உடைத்தன, இரண்டாவதை உடைத்தன. ரூபிகா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "போங்க, போங்க," என்று கத்தினாள். நாகலெட்சுமி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்பது நிமிடம். மேளம் போல ஒரு சத்தம் வந்தது. திரை இருண்டு, மஞ்சள் எழுத்து மேலெழுந்தது. விக்டரி. சோலைமலை பார்ஷல் என்ற சொல்லை மேலிருந்து கீழ்வரை தேடினார். எங்கும் இல்லை.

"என்னாங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

"ஜெயிச்சாச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் சிரித்தாள். அவர் சிரிப்பார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. 

"இது அவனுங்க ஜெயிச்சது," என்றார். "ஒம்பது நிமிசத்துல முடிக்கிற வேலை. நான்தான் ஏழு மாசம் தடுத்து வச்சிருந்தேன்."

எழுந்தார். ஆணியில் தொங்கிய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார்.

"இந்த மழையில எங்க போறீங்க?" என்றாள் நாகலெட்சுமி. "புள்ள வந்திருக்கா, சாப்பிடாம..."

"வந்துர்றேன்."

பதினோராம் லயம் பீலிக்கரைக்கு அந்தப் பக்கம். சறுக்குகிற படியில் இறங்கிப் போனார். மணி நான்கு இருக்கும். அழகன் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஏதோ சங்கக் கடிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றவரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தான். மூன்று வருடமாக முகம் பார்த்துப் பேசாத மனிதர் வந்து நின்றால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பெஞ்சைக் காட்டினான். சோலைமலை உட்கார்ந்தார். அவர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. அவர் நகரவில்லை.

"அழகா, அன்னைக்கு மழையில தொழிற்சாலைக் கேட்டுல நீங்கள்லாம் ரெடியாத்தான் நின்னீங்க," என்றார். "நீயே வந்து எங்கிட்ட சொன்ன. எனக்குத்தான் விளங்கல. நான் உள்ள போயிட்டேன்."

 அழகன் காலால் ஒரு பேசின் பாத்திரத்தைத் தள்ளி, சொட்டு விழுகிற இடத்துக்கு நேரே வைத்தான்.

"ஆறு வருசமாச்சுண்ணே," என்றான். பிறகு, "அந்தப் பக்கம் ஒழுகும். இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க," என்று தன் பக்கத்தில் இடம் விட்டான்.